உப்பு கசிந்தால் ஒரு வைத்தியம், முறுக்கு நமுத்தால் வேறு வைத்தியம்

உப்பு கசிகிறது, முறுக்கு நமுத்துப் போகிறது, வெல்லம் இளகுகிறது, சிமெண்ட் மூட்டை கல்லாகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “ஈரம் இழுத்துடுச்சு.” காரணம் ஒன்றென்று நினைப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. சிலிக்கா ஜெல் பை உப்பு ஜாடிக்குள் போகிறது. அலமாரிக்கென்று செய்த ஈர உறிஞ்சி டப்பா திறந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். மூன்றும் வீண் வேலை; கடைசியது கெடுதலும்கூட.

முதலில் நம் ஊர்க் காற்று. விடியற்காலை வெப்பநிலை 24 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். அதே நாள் பிற்பகல் 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். பகலில் காற்று காய்ந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி இரண்டு வேளையிலும் ஏறக்குறைய 21 கிராம்தான். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் சதவீதம் மட்டும் இறங்குகிறது. ஆனால் பொருட்கள் பார்ப்பது கிராமை அல்ல, அந்தச் சதவீதத்தைத்தான். அதனால் நம் சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தினமும் 95க்கும் 60க்கும் நடுவே போய்வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

உப்புக்கு ஒரு கோடு உண்டு: 75 சதவீதம். சுத்தமான சோடியம் குளோரைடு அதற்குக் கீழே எத்தனை நாள் இருந்தாலும் பெரிதாக ஈரம் ஏறாது. 75ஐத் தாண்டியதும் காற்றிலிருக்கும் நீராவியை இழுத்து, இழுத்த நீரிலேயே கரையத் தொடங்கும். இதற்குப் பெயர் ஈரம் உறிஞ்சிக் கரைதல். ஆங்கிலப் பாடப்புத்தகம் டெலிக்வெசென்ஸ் என்கிறது. இரவில் கசிந்த உப்பு மறுநாள் பிற்பகல் 60 சதவீதத்தில் மறுபடி படிகமாகிறது. அப்போது மணிக்கு மணி பாலம் போட்டுக்கொள்வதால் கட்டி தட்டுகிறது. ஜாடியில் மேலே ஈரம், அடியில் பாறை என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

கல்லுப்பு பொடியுப்பைவிடச் சீக்கிரம் கசிவதையும் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். அதன் கோடு வெறும் 33 சதவீதம். நம் ஊரில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை. ஆக அந்த அழுக்கு எப்போதும் ஈரமாகவே இருந்து உப்பையும் நனைக்கிறது. சர்க்கரையின் கோடு 85க்குப் பக்கம். அதனால்தான் அது உப்பளவு தொல்லை தருவதில்லை. வெல்லத்திலும் குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லத்திலும் குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்திருக்கின்றன. பிரக்டோஸின் கோடு 62 வாக்கில். வெல்லம் ஏன் இளகுகிறது, பக்கத்து டப்பாவில் சர்க்கரை ஏன் சும்மா இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கரையும் பொருட்கள் இரண்டைக் கலந்தால் கலவையின் கோடு இரண்டின் கோட்டுக்கும் கீழே போய்விடும். இதை உரக் கிடங்குகளில்தான் அப்பட்டமாகப் பார்க்கலாம். 30 டிகிரியில் யூரியாவுக்கு 72 சதவீதம், அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 59. இரண்டையும் கலந்தால் 18. எந்த ஊர்க் காற்றிலும் அது குழம்பாகிவிடும். வீட்டில் சூப் பொடி, உப்பும் சர்க்கரையும் சேர்த்து இடித்து வைத்த ஊறுகாய் மசாலா போன்றவை தனித்தனிப் பொருட்களைவிட வேகமாகக் கட்டி தட்டுவதும் இப்படித்தான். மசாலாவை உப்பு சேர்க்காமல் அரைத்து வையுங்கள். உப்பு சட்டியில் விழட்டும்.

உப்பு ஜாடியில் அரிசி போடும் பழக்கம் சரியா? சரிதான், வறுத்துப் போட்டால். கடையிலிருந்து வந்த பச்சரிசி ஏற்கெனவே 13, 14 சதவீதம் ஈரத்தோடுதான் வருகிறது. நம் காற்றில் அது ஏறக்கூடியது 16 வரைக்கும்தான். 100 கிராம் அரிசி இரண்டு கிராம் தண்ணீரைப் பிடித்ததும் கடையை மூடிவிடும். வெறும் வாணலியில் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் உடனே போட்டால் பல மடங்கு பிடிக்கும். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். நனைந்த கைபேசியை அரிசிப் பானைக்குள் புதைப்பது தோற்றுப்போவதும் இதே கணக்கில்தான். மின்விசிறிக் காற்று அதைவிட நன்றாக வேலை செய்யும்.

உப்பின் இந்த 75 சதவீதக் கோட்டால் ஒரு நல்ல உபயோகமும் உண்டு. ஈரப்பதமானி வாங்கியவர்கள் அதை நம்பலாமா என்று சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பாட்டில் மூடி ஒன்றில் பொடியுப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கொஞ்சம் உப்பு சேர்க்கவும். மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, உப்பு கருவியைத் தொடாமல் பார்த்து மூடி, வெயில் படாத, ஏர்கோன் (ஏசி) காற்று நேராக அடிக்காத இடத்தில் ஒரு இரவு விடுங்கள். காலையில் பையைத் திறக்காமலே படிக்கவும். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் கருவி ஐந்து கூட்டிச் சொல்கிறது. அதைச் சின்னத் தாளில் எழுதி முதுகில் ஒட்டிவிடுங்கள். 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் இந்த எண் அரை சதவீதம்கூட நகராது என்பதுதான் இதன் அழகு. வாங்கும்போது பெயரில் கவனம் வேண்டும்: ஹைக்ரோமீட்டர் காற்றின் ஈரத்தை அளக்கும், ஹைட்ரோமீட்டர் பேட்டரி அமிலத்திலும் பாலிலும் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய். இணையக் கடையில் தேடினால் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். இதே குழப்பத்தில்தான் விளம்பரத் தாள்களில் ‘ஹைட்ரோஸ்கோப்பிக்’ என்று அச்சாகிறது. அவர்கள் சொல்ல வந்தது ஹைக்ரோஸ்கோப்பிக், அதாவது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் தன்மை.

இனி தீபாவளி டின். முறுக்கு ஈரம் உறிஞ்சும், ஆனால் கரையாது. அதற்கு 75 போல ஒரு கோடும் இல்லை. ஈரப்பதம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக, மாவின் உடம்புக்குள்ளேயே நீர் புகுகிறது. இது உட்கவர்தல், அப்ஸார்ப்ஷன். பஞ்சு, மரம், காகிதம், அப்பளம், மிருதங்கத் தோல் எல்லாம் இந்த ரகம்தான். நீர் உள்ளே போனதும் பொருளே மாறுகிறது: கதவு உப்பி நிலைப்படியில் பிடிக்கிறது, மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது, ஏர்கோன் அரங்குக்குள் போனதும் காய்ந்து விறைத்து ஏறுகிறது. கச்சேரிக்கு அரைமணி முன்பே வாத்தியத்தை மேடையில் வைத்துவிடச் சொல்வது வீம்பு அல்ல.

சிலிக்கா ஜெல் செய்வது வேறு. அந்த மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கின்றன. ஒரு கிராமில் இருக்கும் உட்பரப்பை விரித்தால் எட்டு பேட்மிண்டன் கோர்ட் அளவுக்கு வரும். நீர் அந்தப் பரப்பில் படிகிறதே தவிர சிலிக்காவின் உடம்புக்குள் கலப்பதில்லை. மணி உப்புவதில்லை, இளகுவதில்லை. இது பரப்புக் கவர்ச்சி, அட்ஸார்ப்ஷன். ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் ஆங்கிலத்தில் படித்தவர்களே மாற்றி எழுதுகிறார்கள். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைஸர் 1881இல் அட்ஸார்ப்ஷன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது, பிரிக்க முடியவில்லை என்ற நிலைமைக்காக 1909இல் வேதியியலாளர் மெக்பெய்ன் ‘ஸார்ப்ஷன்’ என்ற பொதுச் சொல்லைத் தந்தார். எது என்று தெரியாதபோது அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

சொல் எதுவானாலும் கணக்கு இதுதான். ஐந்து லிட்டர் டின்னுக்குள் அடைபட்ட நம் ஊர்க் காற்றில் இருக்கும் நீராவி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதைப் பிடிக்க ஒரு கிராம் சிலிக்காவே தாராளம். ஆனால் ஒரு கிலோ முறுக்கு நமுத்துப்போனால் அது ஏற்கெனவே 20, 30 கிராம் தண்ணீரை உள்ளே வாங்கியிருக்கிறது. பத்து கிராம் பை, உள்ளே 40 சதவீத ஈரப்பதத்தில், பிடிக்கக்கூடியது இரண்டு கிராம். ஆகவே சிலிக்கா பை மொறுமொறுப்பைக் காக்கும். போனதை மீட்டுத் தராது. நமுத்ததை மீட்க அடுப்புதான்: ஓவனில் 120 டிகிரி, ஒரே அடுக்காகப் பரப்பி எட்டிலிருந்து பத்து நிமிடம். எடுத்து முழுக்க ஆறவிட்டு, ஆறிய கையோடு டின்னில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் முறுக்கிலிருந்து வரும் ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்துத் திரும்ப முறுக்கின் மேலேயே விழும். மேசையில் மறந்துவிட்டால் மாலைக்குள் மறுபடி நமுத்திருக்கும்.

டின்னின் மூடி சரியாக உட்காரவில்லை என்றால் எத்தனை பை போட்டும் பயனில்லை. மூடியைச் சுற்றி ஒரு சுற்று செலோடேப், விருந்தாளிக்கென்று தனியாக ஒரு சின்ன டின். இந்த இரண்டும் சிலிக்காவைவிட அதிகம் காப்பாற்றும்.

சிலிக்காவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். புதிதாக, காய்ந்திருக்கும்போது சமையல் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் 120ஐத் தாண்டினால் வறுக்கும் வேளை வந்துவிட்டது. தட்டில் ஒரு விரற்கடை கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். எடை பழைய எண்ணுக்கு வந்ததும், சூடு கைபொறுக்கும் அளவில் இருக்கும்போதே கண்ணாடி ஜாடியில் இறுக மூடவும். இங்கே மட்டும் முழுக்க ஆறவிடக் கூடாது; திறந்த தட்டில் ஆறவிட்டால் நம் காற்றே அதை மறுபடி நிரப்பிவிடும். காகிதப் பையோடு மைக்ரோவேவில் வைப்பது கருகலில் முடியும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. தின்பண்டத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கேமரா பெட்டிக்கு ஆரஞ்சு நிற வகையை வாங்கலாம். லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க 40–50 சதவீதம் போதும். அதற்கும் கீழே காய வைத்தால் ரப்பரும் பசையும் கெடும்.

அலமாரிக்கு விற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. உப்பு செய்யும் அதே வேலைதான், ஆனால் இதன் கோடு 30க்கும் கீழே. வெள்ளைத் துகள் கரைந்து கீழ்த் தட்டில் நீராக இறங்கும். நம் ஈரப்பதத்தில் தன் எடையைப்போல் இரு மடங்கு தண்ணீர்கூடப் பிடிக்கும். மூடிய அலமாரிக்கு நல்ல பொருள். அறைக்கு? பத்துக்குப் பதின்மூன்று அடி அறையின் காற்றில் எந்நேரமும் கிட்டத்தட்ட 700 கிராம் நீராவி இருக்கிறது. ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று மணிக்கொருமுறை மாறினால் அடுத்த மணியில் இன்னொரு 700. அரை லிட்டர் டப்பா இதில் என்ன செய்துவிடும்? டப்பாவில் தண்ணீர் சேர்வதைப் பார்த்து வேலை செய்கிறது என்று திருப்திப்படுவதுதான் மிச்சம்.

டப்பாவை அலமாரியின் தரையில் வையுங்கள், துணிக்கு மேல் தட்டில் வேண்டாம். அந்த நீர் வெறும் தண்ணீர் இல்லை, அடர்ந்த உப்புக் கரைசல். பட்டில் பட்டால் இழை கெடும், சரிகை கறுக்கும், தோல் செருப்பு சுருங்கும், இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும். தரையில் கொட்டினால் இன்னொரு வேடிக்கை: துடைத்துவிட்டுப் போனாலும் அந்த இடம் காயவே காயாது. தரையில் எஞ்சிய கரைசல் காற்றிலிருந்து தனக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவி எடுத்தால்தான் தீரும்.

பட்டு என்றதும் இன்னொரு குழப்பம். நீர்விரும்பும் பொருள் வேறு, ஈரம் உறிஞ்சும் பொருள் வேறு. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவி ஓடும், அது நீர்விரும்பி. ஆனால் கண்ணாடிக்குள் ஈரம் ஏறாது. கம்பளி நூலின் மேற்பரப்பில் துளி உருண்டு ஓடும். ஆனால் 65 சதவீத ஈரப்பதத்தில் அதே கம்பளி தன் எடையில் 16 சதவீதம் நீரைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும். அதே நிலையில் பட்டு 11, பருத்தி 8, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே ‘தண்ணீர் ஒட்டாது’ என்று கடைக்காரர் காட்டுவதை வைத்து ‘ஈரம் ஏறாது’ என்று முடிவு கட்டாதீர்கள். பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் அந்த 11 சதவீதமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பது நல்லது.

சில பொருட்கள் இழுத்த நீரைத் திருப்பித் தருவதே இல்லை. சிமெண்டும் சுட்ட சுண்ணாம்பும் நீரோடு வேதிவினை புரிந்து வேறு பொருளாகிவிடுகின்றன. கல்லான மூட்டையை வெயிலில் காய வைத்து இடிப்பது பயனற்றது. கடற்பாசிப் பொட்டலத்தில் வரும் வெள்ளைப் பொடிப் பை பல நேரம் சுட்ட சுண்ணாம்புதான். அதை வறுத்துப் புதுப்பிக்க முடியாது. தண்ணீரில் போட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தை கையில் கொடுக்காதீர்கள். கறுப்புப் பொடி இருக்கும் பை இரும்புத்தூள். அது ஈரத்துக்கே இல்லை, ஆக்சிஜனைப் பிடிக்க வைத்தது. டின்னுக்கு மாற்றிப் போட்டு முறுக்கு நமுத்ததென்று அதைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாகச் சுவர். பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பசார், லெபோ குயின் பக்கம் இருக்கும் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி. இந்தச் சுவர்களில் மூன்று வேலை ஒரே நேரத்தில் நடப்பதால்தான் கொத்தனாரும் பெயிண்டரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தரையிலிருந்து நீர் நுண்துளை வழியாக ஏறுகிறது. இது நுண்புழை ஏற்றம், காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏறும் நீர் மண்ணிலிருந்தும் கடல் பக்கத்திலிருந்தும் உப்பைக் கொண்டுவருகிறது. பெரும்பாலும் மூன்று, நான்கு அடி உயரத்தில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிப் பூக்கிறது. தங்கிய உப்பு இரவில் 75ஐத் தாண்டும்போது கரைகிறது, பிற்பகலில் படிகமாகிறது. படிகம் ஒவ்வொரு முறை வளரும்போதும் துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. சாந்து மாவு மாதிரி உதிர்வது இதனால்தான். மழையே இல்லாத வாரத்தில் சுவர் ஈரமாகத் தெரிந்தால் கூரையைச் சந்தேகிக்க வேண்டாம், சுவருக்குள் இருக்கும் உப்பே இழுக்கிறது. அந்த அறையில் பகலில் ஏர்கோன் போட்டு இரவில் நிறுத்தினால் சுழற்சி இன்னும் கூடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கத்தில் துளி கோத்தால் அது குளிர்ந்த சுவரில் காற்று வியர்ப்பது. அறையை அவ்வளவு குளிரவைக்காமல், காற்றோட்டம் கொடுத்தால் போதும். தாளின் பின்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்படியானால் முதலில் வடிகாலையும் உடைந்த குழாயையும் பார்க்க வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விரித்த தாளில் பிடித்து வெளியே கொட்டவும். தண்ணீர் விட்டால் அத்தனையும் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். சிமெண்ட் பூச்சு இருந்தால் ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் வைத்துப் பூச வேண்டும். உப்பு கலந்த மணலாக இருந்தால் செலவு செய்து உப்பைப் பூசியதாகிவிடும். சிமெண்டும் நீர்புகாப் பெயிண்டும் நீரை நிறுத்துவதில்லை, வெளியேறும் வழியை மட்டும் அடைக்கின்றன. ஓதம் இன்னும் இரண்டு அடி மேலே போய் வெளியே வரும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். புதுப்பூச்சிலும் கொஞ்ச காலம் உப்புப் பூக்கும். அது சுவர் தன் உப்பை வெளியே தள்ளுவது. தட்டி அள்ளிக்கொண்டே இருங்கள், பெயிண்ட் கடையில் சீலர் வாங்கிப் பூசிவிடாதீர்கள்.